சங்கத்தைக் கேட்காமல் செத்தவர்

ஆறாங்கட்டைத் தோட்டத்து டிராக்டர் டிரைவர் சன்னாசி, ஒரு புதன்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோரமாக உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ரப்பர்ப் பால்வாளியைப் போட்டுவிட்டு மனைவி அம்சவள்ளி ஓடி வந்து சேர்வதற்குள், வேலையை மேய்க்கும் மண்டோர் அவர் கண்களை மூடிவிட்டிருந்தார். தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துச் சாவு என்று எழுதிக் கொடுத்தார். லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். சன்னாசி செத்துவிட்டார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்பட்டது ஒரே ஓர் இடம்தான். ரவாங் கடைவீதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் மரண சகாயச் சங்கம்.

அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் இறந்தால் கறுப்பு வேன் வரும். பூ ஜோடித்திருக்கும், உள்ளே பெட்டி இருக்கும், சங்கத்தின் பெயர் எழுதிய மலர்வளையம் இருக்கும். தோட்டத்து இடுகாட்டில் கம்பெனிக்காரர்கள் செம்பனை நட்டுவிட்டதால், சவத்தை ராசா என்ற ஊர் இடுகாடு வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் வேன் பெரிய விஷயம். சன்னாசிக்கு அதைவிடப் பெரிய விஷயம். "வாழ்நாள் பூரா நான்தான் வண்டி ஓட்டுறேன். செத்தா ஒரு நாளாச்சும் இன்னொருத்தன் ஓட்ட, பின்னால காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போவணும்டி" என்று அம்சவள்ளியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் அவர் வாயில் அடிப்பாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சங்கத்துக்குப் போன் செய்தார். வாரிசு உறுப்பினர் அட்டையோடு நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. புருஷனைக் கிடத்திவிட்டு ஒரு பொம்பளை ரவாங் வரைக்கும் போவதா என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற ஐயாவுதான், "ஏறு தங்கச்சி, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். நீ வர்றதுக்குள்ள அவரு எங்க போயிறப் போறாரு" என்றார். அவள் முன்தினம் கட்டியிருந்த சேலையோடு லோரியில் ஏறினாள்.

சங்கத்துக்குக் கணினி வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எண்பத்தாறு வரைக்கும் உறுப்பினர்கள் எல்லாரும் தடித்தடியான பேரேடுகளில்தான் இருந்தார்கள். அப்போதைய தலைவர் ராசாவில் இருந்த ஓய்வுபெற்ற கிராணி சின்னையா. யாராவது செத்ததாகச் சேதி வந்தால் பேரேட்டைக்கூடப் புரட்டமாட்டார். "எந்த லயம்?" என்று கேட்டு வேனை அனுப்பிவிடுவார். இது நவீன முறை அல்ல என்று படித்தவர்கள் வருத்தப்பட்டதால் கணினி வாங்கினார்கள். குளிர்சாதன அறைக்குள் ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து வெளியே மூன்று திரைகள். இதற்கு நெட்வொர்க் என்று பெயர்.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் சிவானந்தம். தோட்டங்களில் புல் வெட்டும் குத்தகை எடுத்து மேலே வந்தவர். அன்றைக்கு அவர் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. கணினிக்குள் ஏற்றிய பெயர்களையெல்லாம் ஒரு டேப்பில் படி எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். பாட்டுக் கேசட்டைப் போல இரண்டு மடங்கு பெரியது. அதன் மூலையில் ஒரு சின்னத் திருகு. பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'சேஃப்' என்று எழுதியிருந்தது. சிவானந்தம் அதை உரக்கப் படித்தார். "சேஃப்னா பாதுகாப்பு. இதத் திருப்பி வைக்கணும்னு இங்க ஒருத்தருக்கும் தோணல பாருங்க" என்று சொல்லி, பையிலிருந்து காசு ஒன்றை எடுத்து, திருகை அந்தப் பக்கம் திருப்பினார். பலத்த கைதட்டல். பிறகு அதே வேகத்தில், பழைய பேரேடுகளை எண்ணெய்ப் பீப்பாயில் போட்டுக் கற்பூரம் ஏற்றிக் கொளுத்தினார். "இனி நம்ம இனம் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார்.

மறு வருஷம் அவரே தலைவர். தன்னிடம் புல் வெட்டுகிற ஆட்களையெல்லாம் லோரி லோரியாகக் கொண்டுவந்து உறுப்பினராக்கினார். கூட்டத்துக்கு வர முடியாதவருக்குப் பதிலாக வீட்டு ஆள் வந்து ஓட்டுப் போடலாம் என்றொரு விதியையும் சேர்த்து, அந்த ஓட்டுகளையும் வாங்கிக்கொண்டார். சின்னையா ராசாவுக்குத் திரும்பிப் போய் ஒரு வருஷத்தில் செத்துப்போனார்.

அம்சவள்ளி மாடி ஏறிப் போனபோது கணினி அறையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி சாமந்தி மாலையோடும் விபூதிப் பட்டையோடும் உட்கார்ந்திருந்தது. மூன்று திரைகளிலும் ஒரே ஒரு பச்சை வரி. மேசையில் இருந்த பெண் கலாவதி. ரவாங் பெண், கணினிப் படிப்பு படித்தவள். அட்டையை வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஆன்ட்டி, சாரி. காலையிலேர்ந்து நெட்வொர்க் வால்யூம் கிடைக்கல."

அம்சவள்ளிக்கு வால்யூம் என்றால் ரேடியோவில் திருகுவது. "கொஞ்சம் கூட்டி வச்சுப் பாரும்மா" என்றாள். "நான் வேணா எரைஞ்சு சொல்றேன். அதுக்குக் கேக்கும்."

கலாவதி சிரிக்கவில்லை. "அது சத்தம் இல்ல ஆன்ட்டி. எல்லா மெம்பர் பேரும் இருக்குற எடத்துக்குப் பேரு வால்யூம். அலமாரி மாதிரி வச்சுக்குங்க. அந்த அலமாரி இப்ப தொறக்க மாட்டேங்குது."

"அலமாரிதான தொறக்கல? வேன் கீழதான நிக்குது?"

இந்தக் கேள்வியைக் காலையிலிருந்து அங்கே ஒருவரும் கேட்டிருக்கவில்லை. செயலாளர் தனபாலன் தம் மேசையிலிருந்து எழுந்து வந்தார். மெல்லிய குரல், சட்டைப் பையில் மூன்று பேனா.

"அம்மா, வேன் நிக்கிறது வேற, வேன் போறது வேற. கம்ப்யூட்டர் ஸ்லிப் அடிச்சாத்தான் வேன் நகரும். ஸ்லிப் அடிக்கணும்னா மொதல்ல ஒங்க வீட்டுக்காரரு மெம்பரான்னு பாக்கணும். அப்பறம் உயிரோட இருக்காரான்னு பாக்கணும். உயிரோட இருக்கிறவரத்தான் நாங்க செத்துட்டாருன்னு மாத்த முடியும். அதான் சிஸ்டம்."

"காலையில வரைக்கும் உயிரோடதாங்க இருந்தாரு."

"அத நீங்க சொல்லக் கூடாதும்மா. அது சொல்லணும்" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டியைக் காட்டினார்.

அழுகைச் சத்தம் கேட்டுத் தலைவர் அறைக் கதவு திறந்தது. சிவானந்தம் சஃபாரி சூட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் தோளைத் தொடாமல் தோளுக்கு மேலே காற்றைத் தட்டிக் கொடுத்தார்.

"அழாதீங்கம்மா. நேரம் வரும்போது சங்கத்தின் சார்பா நானே வந்து அழுவேன். ஆனா ஒண்ணு யோசிங்க. ஒரு ஆள் செத்ததுக்காக இன்னிக்கு ஒரு சிஸ்டத்த வளைச்சா, நாளைக்கு எல்லாரும் சாவாங்க. அப்பறம் கட்டுப்பாடுன்னு என்ன இருக்கு?"

"எப்பங்கய்யா சரியாவும்?"

"கோலாலம்பூர்லேர்ந்து ஆள் வரணும். ரெண்டு வாரம், மூணு வாரம். அதுவரைக்கும் பாடிய அப்படியே வச்சிருங்க. ஐஸ் போடுங்க. மீன் மார்க்கெட்ல சொன்னா நம்ம பேருக்குக் குறைச்சுக் குடுப்பான்லா."

கீழே வேன் பளபளவென்று நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்சவள்ளி அதன் பின்கதவில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் கொதித்தது. ஐயாவு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லோரிக் கதவைத் திறந்துவிட்டார்.

சன்னாசி செம்பனை லோரியில் போனார். ஐயாவு ஹோஸ் போட்டு இரண்டு தடவை கழுவியும் வாடை போகவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். ராசா இடுகாட்டில் இறக்கும்போது, அவருடைய புது வேட்டியில் செம்பனைக் குலையின் முள் ஒன்று குத்தி நின்றதை அம்சவள்ளி பார்த்தாள். எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து, அந்த முள்ளைப் பிடுங்கினாள். விரலில் ஏறிவிட்டது. அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கருமாதி முடிந்த அடுத்த வாரம் தோட்டத்துக்கு அழைப்பிதழ் ஒன்று வந்தது. தங்க எழுத்தில் 'கணினி மீட்பு விழா' என்று போட்டிருந்தது. அம்சவள்ளி பஸ் பிடித்துப் போனாள். சண்டை போடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. குழாயடியில்கூட வரிசையை விட்டுக்கொடுக்கிறவள். அன்றைக்கு வேன் கொடுக்காதது தப்புதான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், திரும்பிவிடலாம் என்றுதான் போனாள்.

சைக்கிள் கடைக்கு முன்னால் கூடாரம் அடித்து, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். கணினிப் பெட்டியைப் பார்க்க வருகிற கூட்டம் அறைக்குள் கொள்ளாது என்று அதையே கீழே இறக்கி மேடையில் வைத்திருந்தார்கள். கோலாலம்பூர்க் கம்பெனியிலிருந்து வோங் என்கிற சீனர் வந்திருந்தார். சிவானந்தம் டேப்பை வெள்ளித் தட்டில் வைத்து, மஞ்சள் துணி போர்த்தி, மேளச் சத்தத்தோடு கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். பூசாரி டேப்புக்குக் குங்குமம் வைக்கப் போனார். வோங் பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். இளநீர் எங்கே தெறிக்கும் என்று வோங் கண்ணை மூடிக்கொண்டார்.

டேப்பைச் செருகி, சற்று நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, வோங் தலைவரிடம் மலாயில் சொன்னார்: "என்சிக், டேப் இனி லாமா. லாமா சங்ஙாட்."

ஐயா, இந்த டேப் பழையது, ரொம்பப் பழையது என்பது அதன் அர்த்தம். ஆனால் லாமா என்றால் நீண்ட காலம் என்றும் மலாயில் அர்த்தம் உண்டு. சிவானந்தம் மைக்கைப் பிடித்தார். "நம்ம டேப்பு நீண்ட காலத்துக்கு நிலைக்கும்னு நிபுணரே சொல்றாரு!" கூட்டம் கைதட்டியது. வோங் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ஒருவர் பெரிய மாலையைக் கழுத்தில் போட்டதும் மூடிக்கொண்டார்.

டேப் கறகறவென்று சுற்றியது. வடையும் தேநீரும் முடிகிற நேரத்துக்குத் திரையில் பச்சைப் பச்சையாகப் பெயர்கள் ஏறின. சிவானந்தம் அந்தத் திரையை ஒரு தடவையும் பார்க்கவில்லை. திரையோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். "காணாமப் போன அத்தனை பேரையும் மீட்டுட்டோம்! இனிமே எமனே வந்தாலும் நம்மகிட்ட பதிவு பண்ணிட்டுத்தான் உயிர எடுக்கணும்!" என்றார்.

அம்சவள்ளி மேடைக்குப் பக்கத்தில் போய் அட்டையை நீட்டினாள். "இப்பவாச்சும் பாருங்கய்யா."

கலாவதி எண்ணைத் தட்டினாள். தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தனபாலன் எட்டிப் பார்த்துத் தலைவர் காதில் சொன்னார். திரையில் சன்னாசியின் பெயர், தோட்டம், லயத்து எண் எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில் 'உயிருடன்' என்று இருந்தது.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவள் ஒரு நொடி அதை நம்பிவிட்டாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் பிற்பாடு அவர்களை மன்னிக்கவே இல்லை.

சிவானந்தம் மைக்கை விடவில்லை. "பாத்தீங்களா! இந்தம்மா அழுதுக்கிட்டே வந்தாங்க. கம்ப்யூட்டர் எப்பேர்ப்பட்ட நல்ல சேதி சொல்லிருச்சு!" கூட்டத்தில் சிலர், பழக்கத்தில், கை தட்டினார்கள்.

"அவரப் பொதைச்சாச்சுங்கய்யா. என் கையால மண்ணு தள்ளினேன்."

"அது நீங்களா எடுத்த முடிவும்மா. ஸ்லிப் இல்லாம, சங்கத்தக் கேக்காம பொதைச்சிருக்கீங்க. அதுக்கு நாங்க என்ன பண்றது? மனுசன் கண்ணு தப்பாப் பாக்கும், டாக்டர் தப்பா எழுதுவான். மெசினுக்குச் சொந்தக்காரன் உண்டா, பந்தக்காரன் உண்டா? அது ஏன் பொய் சொல்லப் போவுது?"

"அன்னிக்கு வேன் குடுக்காதது தப்புன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க. நான் போயிடுறேன்."

அவர் சிரித்தார். மைக் வழியாகச் சிரித்ததால் அந்தச் சிரிப்பு கடைவீதி முழுக்கப் போனது. "சாகாதவருக்கு எதுக்கும்மா வேன்?" என்றார். அந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே தனபாலனைக் கூப்பிட்டு எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை எழுத வைத்தார்: கணினியில் உயிருடன் இருப்பவர் எவரோ அவரே சங்கத்துக்கும் உயிருடன் இருப்பவர், கணினியில் பெயர் இல்லாதவர் எவராயினும் அவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். இதில் எவருக்கும், எக்காரணம் கொண்டும் விலக்கு இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, முதல் படியை அம்சவள்ளி கையிலேயே கொடுத்தார்.

அவள் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். கலாவதி.

"ஆன்ட்டி, நில்லுங்க. நான் சொன்னா வேலை போயிடும், பரவால்ல லா. வால்யூம் போனதுக்குக் காரணமே நான்தான்னு எனக்கு வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க." மூச்சு வாங்கினாள். "அந்த டேப்ல இருக்கறது திறப்பு விழா அன்னிக்கு எடுத்தது மட்டும்தான். சேஃப்ல திருப்பி வச்சா அதுல புதுசா எதுவும் எழுதாது, படிக்க மட்டும்தான் செய்யும். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கற்பூரம் காட்டுவாங்க, தலைவர் பட்டன அமுக்குவாரு, எழுத முடியலன்னு மெசின் சொல்லும். நான் செயலாளர்கிட்ட சொன்னேன். தலைவர் கையால திருப்பினது, தொடாதேன்னாரு."

"எனக்குப் புரியலையேம்மா."

"கம்ப்யூட்டருக்கு இன்னும் எண்பத்தாறுதான் ஆன்ட்டி. அதுக்கப்பறம் சேந்தவங்க யாரும் அதுல இல்ல. அதுக்கப்பறம் செத்தவங்க எல்லாம் உயிரோட இருக்காங்க. சின்னையா ஐயாதான் தலைவரு."

"அப்ப இவரு?"

"இவரு அன்னிக்கு விருந்தாளிதான? இவர் பேரே கெடையாது."

அம்சவள்ளி கையில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இரண்டாவது வாக்கியத்தை மெதுவாக, உதட்டை அசைத்து, முழுசாகப் படித்தாள். பிறகு தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, சின்னையா வீடு இருந்த ராசாவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

சின்னையாவின் மனைவி நாகமணியை அவள் அதற்கு முன் பார்த்தது இல்லை. பருத்த உடம்பு, கனத்த குரல், வெற்றிலை போட்ட வாய். சிவானந்தம் பெயரைச் சொன்னதும் அந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சின்னையா செத்தபோது வேன் வந்ததாம். ஆனால் போட்டோக்காரர் வரும்வரை சவத்தை நடு வெயிலில் நிறுத்தி வைத்தாராம் சிவானந்தம். இரங்கல் உரையில் கணினியின் விலையைத்தான் பேசினாராம்.

"எம் புருசன் மூஞ்சி கறுத்துப்போயிருச்சு புள்ள" என்றாள் நாகமணி. "நீ என்ன செய்யணும்னு சொல்லு."

"அவுக கம்ப்யூட்டர்ல இன்னும் தலைவரா உயிரோட இருக்காகளாம். கூட்டத்துக்கு வர முடியலைன்னா வீட்டு ஆளு வரலாமாம். அது அந்த ஆளு போட்ட சட்டம்தான்."

 நாகமணி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பல ஞாயிற்றுக்கிழமைகள் அம்சவள்ளி பஸ்ஸிலும் ஐயாவுவின் லோரியிலும் தோட்டம் தோட்டமாகப் போனாள். கணினி வந்த பிறகான இரண்டு வருஷத்தில் புருஷனை இழந்தவர்களைத் தேடினாள். தேடுவது கஷ்டமாக இல்லை. எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. கலும்பாங் ஊர்த் திலகத்தின் கதை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கணினியில் உறுப்பினர் எண்ணை மாற்றித் தட்டியதால், அவள் புருஷன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே கறுப்பு வேன் வாசலில் வந்து நின்றதாம். "ஸ்லிப் அடிச்சாச்சு, வெறும் வண்டியாத் திரும்ப முடியாது" என்று டிரைவர் சண்டை போட்டானாம். ஆறு மாசம் கழித்து மனுஷர் நிஜமாகவே செத்தபோது, உங்கள் பங்குக்கு வேன் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் வர்றேன் அக்கா" என்றாள் திலகம். "கடைசி வரிசையில நின்னாலும் பரவால்ல, அந்தாளு மூஞ்சியப் பாக்கணும்."

ஆண்டுப் பொதுக்கூட்டம் ரவாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் நடந்தது. எதிராளிகள் ஆள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள் என்று சிவானந்தத்துக்குப் பயம். அதனால், கணினி அச்சடித்த பெயர்களில் இருப்பவரைத் தவிர ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். வாசலில் மேசை போட்டு, நீளமான மடிப்புத் தாளோடு தனபாலன் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தவர்கள் புல் வெட்டுகிற ஆட்கள். லோரியிலிருந்து இறங்கி வரிசையில் நின்றார்கள். ஒருவர் பெயரும் தாளில் இல்லை. ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவும் இல்லை. மரத்தடியில் போய் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

அடுத்து பெண்கள் வந்தார்கள். முன்னால் அம்சவள்ளி.

"சன்னாசி. ஆறாங்கட்டைத் தோட்டம். அவருக்குப் பதிலா நான்."

தனபாலன் பேனாவை எடுத்து, நிறுத்தினார். "அம்மா... இவரு செத்து..."

அவள் சுற்றறிக்கையை மேசையில் விரித்தாள். தனபாலன் தம் கையாலேயே எழுதியதைத் தாமே படித்தார். பிறகு மடிப்புத் தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தலைவர் சின்னையா. செயலாளர் தனபாலன். அந்த இரண்டாவது பெயரின்மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. சின்னையா காலத்திலும் செயலாளர் அவர்தான். அவருக்கு இந்தத் தாளில் ஒரு குறையும் தெரியவில்லை.

"உயிரோடதாம்மா இருக்காரு" என்று சொல்லி, சன்னாசி பெயருக்கு நேராகக் குறி போட்டார். "அடுத்தவங்க வாங்க."

மேளத்தோடும் மாலையோடும் சிவானந்தம் வந்தபோது மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. அவர் நேராக உள்ளே நுழையப் போனார். தனபாலன் எழுந்து நின்று கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், பேரு சொல்லுங்க."

"என்னய்யா வெளையாட்டு?"

"சிஸ்டம் சார்." தாளை மேலிருந்து கீழே, மரியாதையாக, இரண்டு தடவை பார்த்தார். "இல்லையே சார்."

"தனபாலா! நான் தலைவர்யா!"

"தலைவர் உள்ள இருக்காரு சார்."

"எந்தத் தலைவர்?"

"சின்னையா."

"யோவ், அந்தாளு செத்து..." சிவானந்தம் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. மேசையில் அவருடைய கையெழுத்தும் முத்திரையும் விரிந்து கிடந்தன.

"அவருக்குக் கொஞ்சம் ஒடம்பு முடியல சார்" என்றார் தனபாலன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "சம்சாரம் வந்திருக்காங்க."

உள்ளே நாகமணி தலைவர் நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்திருந்தாள். சிவானந்தம் ஜன்னல் பக்கம் ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "இது சட்டவிரோதம்! செத்தவங்களுக்கு ஓட்டு கெடையாது! கம்ப்யூட்டர் ஒரு மெசின்தான்யா, அது தப்புப் பண்ணும்! மனுசனப் பாருங்க, நான் உயிரோட முன்னால நிக்கிறேன், கண்ணால பாருங்க!"

மண்டபம் அமைதியாக அவரைக் கண்ணால் பார்த்தது. அவர் தலைவராக இருந்த காலத்தில் பேசிய பேச்சுகளிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று ஐயாவு பிற்பாடு சொன்னார்.

"கூட்டத்துல வெளியாளு சத்தம் போடுறாரு" என்றாள் நாகமணி. "ஜன்னலச் சாத்துங்கப்பா."

ஜன்னலைச் சாத்தினார்கள்.

தீர்மானங்கள் வேகமாக நிறைவேறின. உறுப்பினர் அல்லாத எவரும் சங்கத்துச் சாவி, நாற்காலி, அறை எதையும் வைத்திருக்கக் கூடாது. சாவு என்று எந்த லயத்திலிருந்து சேதி வந்தாலும் வேன் உடனே கிளம்ப வேண்டும். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கலாவதிக்குக் கொடுத்த கடிதம் ரத்து. டேப்பின் திருகைத் திருப்ப அவளுக்கு முழு அதிகாரம். இறந்த உறுப்பினரின் மனைவி விரும்பினால் அவர் இடத்தில் உறுப்பினராகலாம். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் புருஷன்மாரின் அட்டையை உயர்த்தினார்கள். ஒன்றுகூடத் தோற்கவில்லை.

கடைசியாக ஒரு தீர்மானம் மிச்சம் இருந்தது. அதை வாசிக்க நாகமணியால் முடியவில்லை; தனபாலனிடம் கொடுத்தாள். கணினியில் தவறாக உயிருடன் காட்டப்படும் உறுப்பினர்கள் இறந்துவிட்டதாக இச்சபை ஏற்றுக்கொள்கிறது. தனபாலன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சின்னையா என்றதும் நாகமணி கை தூக்கினாள். அவரவர் பெயருக்கு அவரவர் மனைவி கை தூக்கினார்கள். திலகம் அட்டையைத் தூக்கிக்கொண்டே முந்தானையைக் கடித்தாள்.

"சன்னாசி, ஆறாங்கட்டைத் தோட்டம்."

அம்சவள்ளி உடனே தூக்கவில்லை. இத்தனை வாரமாக அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறினாள், வெயிலில் நடந்தாள், முன்பின் தெரியாதவர் வாசலில் நின்றாள். உயிருடன். கூட்டம் காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் அட்டையை நெஞ்சில் ஒரு தடவை வைத்து எடுத்து, மேலே தூக்கினாள்.

"ஏற்கப்பட்டது" என்றார் தனபாலன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சங்கத்துக்கு அன்றைக்குத்தான் சன்னாசி செத்தார்.

வெளியே வந்தபோது சிவானந்தம் வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். மேளக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். புதிதாகச் சேருவதற்கு ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். வெளியே வந்த ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவரும் நிற்கவில்லை. அம்சவள்ளியைக் கண்டதும் படியிறங்கி வந்து வழியில் நின்றார்.

"அம்மா, நடந்தத மனசுல வச்சுக்காதீங்க. அன்னிக்கு வேன் அனுப்பாதது தப்புதான், ஒத்துக்கறேன். நீங்க பெரிய மனசு பண்ணி என் பேர முன்மொழியணும். இன்னிக்கே சேந்துட்டா நல்லது."

அவள் அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். நல்ல நிறம், நல்ல சதை, நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது.

"ஒங்களுக்கு என்னங்கய்யா அவசரம்?" என்றாள். "நீங்கதான் இன்னும் சாகலையே."